எட்டயபுரம் தாண்டினால் சரணம்

முட்டைக் கடையில் நிற்கும்போது எனக்குப் பொறாமை வரும். உங்களிடம் சொல்வதற்கென்ன, சிரித்துவிட்டுப் போங்கள். கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் மொத்தமாக முட்டை விற்கிற கடை ஒன்று உண்டு. போன வாரம் மகள் கேக் செய்து பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததால் அங்கே போய் நின்றேன். கடைக்காரர் முட்டைகளை எண்ணி எடுத்துவிட்டு, வெறும் அட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பழைய காகிதத்தைக் கூழாக்கிச் செய்த அந்தச் சாம்பல் நிற அட்டைக்கு ஒரு வாசனை இருக்கிறது. நனைந்து காய்ந்த செய்தித்தாளும் அதோடு கொஞ்சம் கோழியும் கலந்த வாசனை. அது மூக்கில் ஏறியதும் என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. “என்ன அண்ணாச்சி, ஒடஞ்சது எதுவும் வந்துட்டா?” என்று கடைக்காரர் பதறிவிட்டார். முட்டையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாசனைக்குள் உட்கார்ந்துதான் என் வாலிபத்தின் நல்ல வருஷங்களைக் கழித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் வேலாயுதம் அண்ணாச்சி மைக் செட் கடை வைத்திருந்தார். கீழே குழாய் ஸ்பீக்கர்களும் வயர்ச் சுருள்களும் கிடக்கும். மாடியில் ஒரே ஒரு அறை. அதைப் பாட்டுப் பதிகிற ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார். பஸ் ஹாரன் சத்தம் உள்ளே வராமலிருக்க நாலு சுவரிலும் கூரையிலும் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார். அண்ணாச்சி சுத்த சைவம். அட்டைக்காக மட்டும் ஊரிலுள்ள புரோட்டாக் கடைகளின் பின்வாசலில் எல்லாம் போய் நின்றிருக்கிறார். அவருக்கு வேண்டப்பட்டவர்கள் சிலர் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் வத்தி வைத்ததும், அவர் மனைவி அழுததும் தனிக் கதை. மழை பெய்த நாட்களில் அந்த அறைக்குள் நுழைந்தால் கோழிப்பண்ணைக்குள் நுழைந்தது போல இருக்கும். நல்லவேளையாக எங்கள் பக்கம் மழை அடிக்கடி பெய்வதில்லை.

என்ன பாட்டுப் பதிவோம் என்று கேட்பீர்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் பாட்டு, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பெயர் வருகிற பாட்டு, வளைகாப்புப் பாட்டு, துணிக்கடை திறப்பு விழா, ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற விளம்பரம், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் பாட்டு. காலையில் ஒரு கட்சியைத் திட்டிய வாயால் மத்தியானம் அதே கட்சியை வாழ்த்துவோம். கேசட் போய் சிடி வந்து, அதுவும் போகப்போகிற காலம். செல்போனில் பாட்டு ஏற்றித் தருகிற கடைகள் தெருவுக்கு ஒன்றாக முளைத்திருந்தன.

நான் கீபோர்டு வாசிப்பவன். ராகம் தாளமெல்லாம் முறையாகப் படித்தவன். சந்தம் தட்டாமல் பாட்டு எழுதவும் செய்வேன். அண்ணாச்சி என்னை வேலைக்குச் சேர்த்தபோது, கோவில்பட்டிக்கு ஒரு இசையமைப்பாளன் கிடைத்துவிட்டான் என்று நான் நிஜமாகவே நம்பினேன். முதல் சில மாதங்கள் மற்றவர்களும் அப்படி நம்பியதாகத்தான் நினைவு. பிறகு செண்பகம் அக்கா வந்தாள்.

எப்போதும்வென்றான் என்கிற ஊரில் ஆடு வளர்க்கிற குடும்பம். கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். எங்கோ ஒரு கொடையில் எங்கள் மைக் செட்டுக்காரர் தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போன நேரத்தில் மைக்கைப் பிடித்துப் பாடிவிட்டாள். அதைக் கேட்ட அண்ணாச்சி, குரல் வேண்டும் என்று அவளைக் கூட்டிவந்தார். குரலோடு பாட்டுகளும் வரும் என்று அவருக்கே தெரியாது. என்னைவிட சில வயது மூத்தவள். கூச்சம் என்பது கிடையாது. வந்த அன்றைக்கே என் கீபோர்டின் மேல் தூக்குவாளியை வைத்துவிட்டு, “தம்பி, இது எதுவரைக்கும் சத்தம் போடும்?” என்று கேட்டாள். நான் தூக்குவாளியை எடுத்துக் கீழே வைத்தேன். மறுநாளும் அதே இடத்தில் வைத்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தினமும் ஒரு பாட்டு. ஆர்டர் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை. காலையில் எப்போதும்வென்றானில் பஸ் ஏறும்போது ஆரம்பித்து, கோவில்பட்டியில் இறங்கும்போது முடித்துவிடுவாள். “எட்டயபுரம் வாரதுக்குள்ள பல்லவி முடிஞ்சிரும் தம்பி. அதத் தாண்டுனா சரணம்” என்பாள். அவள் எழுதி வைத்துக்கொள்வதில்லை. மாடிப்படி ஏறிவரும்போதே பாடிக்கொண்டு வருவாள். செருப்பைக் கழற்றுகிற இடத்தில் சரணத்தின் கடைசி வரி முடியும். ஒருநாள் பஸ் வழியில் நின்றுபோய் வேறு பஸ் மாறி வந்தாளாம். அன்றைக்குப் பாட்டில் மூன்று சரணம்.

எதற்கு இப்படித் தினமும் என்று அண்ணாச்சி ஒருதடவை கேட்டதற்கு, இறைக்காத கிணறு தூர்ந்துபோகும் இல்லையா, தொண்டையும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டாள். அண்ணாச்சிக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். சொல்லும்போதெல்லாம் தூர்ந்துபோன கிணறு யாரென்று காட்டுவது போல என்னைப் பார்த்ததாக எனக்குப் பட்டது. அவர் சும்மா பார்த்திருக்கக்கூடும். பொறாமைக்காரனுக்குப் பார்வை எல்லாம் ஊசிதான்.

நானும் தினம் ஒரு பாட்டு கட்டுவது என்று முடிவெடுத்தேன். பக்தியாலும் இல்லை, பயிற்சிக்காகவும் இல்லை. அவள் தினமும் செய்கிறாள், அவ்வளவுதான் காரணம். எங்கள் வீடு அப்பாவின் கடைக்குப் பின்னால். அப்பா பலசரக்குக் கடைக்காரர். வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு சரக்கு வைக்கிற அறைக்குப் போய்விடுவேன். காதில் ஹெட்போன். உட்காருவதற்கு மிளகாய் வத்தல் மூட்டை. விளாத்திகுளத்திலிருந்து வருகிற நல்ல காரமான வத்தல். ஒரு வரி எழுதுவேன், இரண்டு தும்மல் போடுவேன். என்னுடைய அந்தக் காலத்துப் பாட்டுகளில் வரிகள் எல்லாம் குட்டையாக இருக்கும். தும்மலுக்கும் தும்மலுக்கும் இடையில் அவ்வளவுதான் இடம் கிடைத்தது. அப்பா ஒருநாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “ஏலே, பாட்டு கட்டுதியா, வத்தல் பொடைக்கியா?” என்று கேட்டுவிட்டு ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு போனார்.

எனக்குப் பாட்டு வருவதும் வராததும் பிரச்சனையாக இல்லை. வந்துவிடும். இழுத்துக் கொண்டுவந்துவிடுவேன். ஆனால் அவள் படியேறி வருகிற சத்தம் கேட்டதும் என் பாட்டு கையிலேயே செத்துப்போகும். ஒரு கோடை முழுக்க மழையே இல்லாமல் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. நான் காலையில் ‘கார்முகிலே கனிந்து வா’ என்று ஒன்று கட்டி வைத்திருந்தேன். எதுகை மோனை எல்லாம் சுத்தமாக இருந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்திருந்தது. அவள் படியேறி வந்தாள்.

“மேகம் ஒண்ணு வந்து எட்டிப் பாத்துட்டு
மேக்க போயிருச்சே – அதுக்கு
மேலத் தெருவுல சோலி கெடக்காம்
மெதுவா வாரேன்னுச்சே.”

நான் எழுதிய தாளை மடித்துக் கீபோர்டுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். பஸ் ஜன்னல் வழியாக அதே வானத்தைத்தான் அவளும் பார்த்திருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மேகம்தான். அவளிடம் அது வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறது. என்னிடம் வரவில்லை. நான் கனிந்து வா கனிந்து வா என்று கெஞ்சிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

“எப்படி இருக்கு தம்பி?” என்று கேட்டாள்.

“மேக்கங்கது பாட்டுல வராதுக்கா. மேற்கேன்னுதான் வரணும்.”

“அது படிச்ச மேகத்துக்கு” என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியைக் கீபோர்டின் மேல் வைத்தாள்.

இன்னொரு கொடுமையும் இருந்தது. மறுநாள் அவளுக்கு முந்தின நாள் பாட்டு நினைவிருக்காது. துளிகூட இருக்காது. இன்று ஒன்று வந்ததும் நேற்றையது போய்விடும். யாராவது துணிக்கடைக்காரர் வந்து, போன வாரம் ஒன்று பாடினீர்களே, அதே மெட்டில் வேண்டும் என்பார். அவள் என் பக்கம் திரும்பி, “தம்பிகிட்ட கேளுங்க, அவிய வச்சிருப்பாவ” என்பாள். நான் வைத்திருப்பேன். அதுதான் வேதனை. என் பாட்டு எனக்கு மறந்துபோகும். அவள் பாட்டு ஒன்றுவிடாமல் எனக்குப் பாடம். நல்ல பாட்டாக இருந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து கேட்கிறவனுக்கு எப்படி மறக்கும்? குளிக்கும்போது வரும். சாப்பிடும்போது வரும். என் கீபோர்டில் என் விரல்கள் எனக்குத் துரோகம் செய்துகொண்டு அவள் மெட்டை வாசித்துக்கொண்டிருக்கும்.

உச்சம் என்னவென்றால், நான் பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்ததுதான். மணியாச்சியில் ரயில்வேயில் வேலை பார்க்கிற குடும்பம். பெண்ணின் அப்பா நான் பாட்டுக் கட்டுகிறவன் என்று தெரிந்துகொண்டு மகளை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பாடினாள்.

“கண்ணாடி வளையலுக்குக் காது மொளச்சிட்டு
உள்ள இருக்கப் புள்ள பேச்ச ஒட்டுக் கேக்குது.”

செண்பகம் அக்காவின் வளைகாப்புப் பாட்டு. எங்கள் ஸ்டுடியோவில் பதிந்து, மாவட்டம் முழுக்க வளைகாப்பு வீடுகளில் ஒலித்துக்கொண்டிருந்தது. கன்னிப் பெண் பாடுகிற பாட்டா அது என்று கூட வந்திருந்த என் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “இது நீங்க போட்டதுதான? எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றாள். அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. என்னைப் பார்த்து அப்படி ஒரு வெளிச்சம் எந்தக் கண்ணிலும் அதுவரைக்கும் வந்ததில்லை. இசை மட்டும் என்னுடையது, பாட்டு எங்கள் ஸ்டுடியோவில் இன்னொருவர் கட்டியது என்று சொன்னேன். வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது. இருந்தாலும் என்னைக் கட்டிக்கொண்டாள். இன்றைக்கும் கீரை ஆய்கிறபோது அந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறாள். நான் அவளுக்காகவே கட்டிய பாட்டுகள் எத்தனையோ உண்டு. எதையாவது பாடச் சொன்னால், நீங்களே பாடுங்க, அப்பதான் நல்லாயிருக்கும் என்று நாசூக்காகத் தப்பித்துக்கொள்வாள்.

எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் மழை முழுசாகவே ஏமாற்றிவிட்டது. எப்போதும்வென்றான் பக்கம் ஆடுகளுக்குக் கடிக்க ஒன்றுமில்லை. செண்பகம் அக்காவின் புருஷன் மாடசாமி அண்ணன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுப் பாசனம் உள்ள ஊர்களுக்குப் போக வேண்டியதாயிற்று. அறுப்பு முடிந்த வயல்களில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டு, ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வழக்கமாகக் கூடப் போகிற அவருடைய தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் இவள்தான் போக வேண்டும். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். ஒரு மத்தியானம் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நானும் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது நான் சீட்டியடித்துக்கொண்டிருப்பதை நானே கவனித்தேன். இனி படிச் சத்தம் இல்லை. காலையில் கட்டுகிற பாட்டு மத்தியானம் வரைக்காவது உயிரோடு இருக்கும். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகுதான், நான் அடித்துக்கொண்டு வந்த சீட்டி அவளுடைய அன்றைய பாட்டு என்பது தெரிந்தது.

ஆரம்பத்தில் ராஜாங்கம்தான். ஆர்டர் எல்லாம் எனக்கே. வருகிறவர்கள், போன வருஷத்துப் பாட்டு மாதிரியே போட்டுத் தாருங்கள் என்று கேட்பார்கள். போட்டுத் தருவேன். கேட்டுவிட்டு நல்லாயிருக்கு என்பார்கள். அந்த ‘நல்லாயிருக்கு’க்குப் பிறகு ஒரு சின்ன மௌனம் வரும். அதைத் தவிர வேறு குறையில்லை.

ஆனால் காலையில் வத்தல் மூட்டையில் உட்கார்ந்தால் தும்மல் மட்டும் வந்தது. முதலில் ஒருநாள் தவறியது. பிறகு அடுத்தடுத்து. மாடியில் போய் உட்கார்ந்து படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் ஏறி வந்தாலும் அந்தச் செருப்புச் சத்தத்தில் ஒரு பல்லவிக்குக் காது போகும். அண்ணாச்சிதான் ஏறி வருவார், மூச்சு வாங்கிக்கொண்டு. கிணறு தூர்கிறது என்பது என்னவென்று எனக்கு அப்போது புரிந்தது. அதை அவளிடமே போய்ச் சொல்ல முடியாது என்பது இன்னொரு எரிச்சல்.

ஆடி மாதம் கொடை ஆர்டர்கள் குவிந்தபோது, செண்பகம் ஊருக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டு, கூட்டிக்கொண்டு வா என்று அண்ணாச்சி என்னை அனுப்பினார். அவள் தினமும் வந்த பஸ்ஸில் எதிர்த் திசையில் போனேன். எட்டயபுரம் வருகிறவரைக்கும் ஒரு பல்லவி கட்ட முடிகிறதா என்று பார்த்தேன். முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன் என்பதே உண்மை.

வீடு ஊருக்குக் கடைசியில். ஆடிக் காற்று கரிசல் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. செண்பகம் அக்கா வாசல் வேப்பமரத்தடியில் ஒரு குட்டிக்குப் பாட்டிலில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். கறுத்து மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. மாமியார் மோர் கொண்டுவந்து தந்துவிட்டு உள்ளே போனார். மாடசாமி அண்ணன் ஆட்டோடு வெளியே போயிருந்தார். அண்ணாச்சி சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். அவள் குட்டியின் வாயைத் துடைத்தாள். இன்றைக்கு என்ன பாட்டு என்று நானே கேட்டேன். கேட்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டு வந்த கேள்வி அது.

“பாட்டா? அதெல்லாம் விட்டுப்போச்சு தம்பி.”

“தெனமும் ஒண்ணு கட்டுவீங்களே. அங்கன வயல்ல நேரம் கெடக்குமே?”

“நேரம் கெடக்கு. யாருக்குக் கொண்டுபோய்க் காட்டதுக்கு?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னாள். “நான் படியேறி வந்து பாடுனதும் உங்க மூஞ்சி சுண்டிப்போவும்லா. அதப் பாக்கதுக்குத்தான் தெனமும் ஒண்ணு கட்டிக் கொண்டாருவேன். என்னைக்கு உங்க மூஞ்சி சுண்டலையோ அன்னைக்குப் பாட்டு சரியில்லன்னு எனக்கே தெரிஞ்சிரும்.”

மோரைக் கீழே வைத்தேன். நான் இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்ததாக நினைத்ததை அவள் தராசுத் தட்டாக வைத்துப் பாட்டை நிறுத்துப் பார்த்திருக்கிறாள்.

அவள் அதோடு விடவில்லை. “எனக்கும் உங்க மேல எரிச்சல்தான். நீங்க கட்டுனது மறுநா காலையிலயும் அங்கனயே கெடக்கு. எடுத்து வாசிக்கீங்க. என்னது விடிஞ்சா போயிருது. அங்கன கெடையில படுத்துக்கிட்டு, மழைக்கு ஒண்ணு பாடுனோமேன்னு யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். மேகம்ங்கதத் தவிர ஒண்ணும் வரல.”

எனக்கு அந்தப் பாட்டு நாக்கு நுனியில் இருந்தது. கீபோர்டு இல்லை, ஹெட்போன் இல்லை. காற்று வேறு வாயில் புழுதியை அடைக்கிறது. என் குரலைப் பற்றி உங்களுக்குத் தெரியாது; தெரியாமலிருப்பதே நல்லது. கண்ணை மூடிக்கொண்டு மேகம் ஒண்ணு வந்து எட்டிப் பாத்துட்டு என்று பாடினேன். பல்லவி முடிந்து சரணத்துக்குப் போனேன். ஆட்டுக்குட்டி பாட்டிலை விட்டுவிட்டு என்னையே பார்த்ததாக அவள் பிற்பாடு சொன்னாள். முழுசாகப் பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது மாமியார் கதவு நிலையில் நின்றிருந்தார். செண்பகம் அக்கா வேறு யாருடைய பாட்டையோ கேட்கிறவள் போலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னொருக்கப் பாடுங்க” என்றாள்.

பாடினேன். பல்லவியின் கடைசி வரியில் கையை நீட்டி நிறுத்தினாள்.

“அந்த ‘மெதுவா’ மேல ஏறுதே. நான் கீழ எறக்கித்தான பாடிருப்பேன்.”

இல்லை, நீங்கள் பாடியபடியேதான் பாடினேன் என்று சாதித்தேன். அவள் கீழே இறக்கி ஒருதரம் பாடிக் காட்டினாள். இறக்கிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அன்று படியேறி வந்து பாடியது அப்படித்தான். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் பாடிப் பாடி, என்னை அறியாமல் நான் அந்த இடத்தை மேலே ஏற்றியிருக்கிறேன். மேகம் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது போல அது ஏறிக்கொண்டது.

“அது உங்களது” என்றாள் செண்பகம் அக்கா. “அந்த எடம் நல்லாயிருக்கு.”

சொல்லும்போது அவள் முகம் சுண்டியது. நான் பார்த்தேன். ஒரு கண நேரம்தான். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது. அதற்குப் பிறகு கிடைத்த மாலை, பொன்னாடை எதுவும் அதற்குக் கிட்டே வரவில்லை. பொன்னாடை கிடைத்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் வேறு ஒருவருக்கு வைத்திருந்தது, அவர் வரவில்லை.

அந்த ஆடியும் ஆவணியும் அவள் பழையபடி ஸ்டுடியோவுக்கு வந்தாள். தினமும் ஒரு பாட்டு அவளிடம், ஒன்று என்னிடம். படிச் சத்தம் கேட்டதும் பழையபடி தாளை மடிக்கத்தான் கை போகும். ஆனால் இப்போது நானும் பாடிவிட்டு அவள் முகத்தை உற்றுப் பார்ப்பேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, ஒன்றும் ஆகாதவள் போலத் தூக்குவாளியைத் திறந்து பார்ப்பாள். அப்படி அவள் திறந்து பார்த்த நாட்கள் குறைவு. எனக்கு அந்த நாட்களின் பாட்டு மட்டும் இன்னும் பாடம். மேகப் பாட்டை அண்ணாச்சி காசு பார்க்காமல் சிடியில் சேர்த்துப் போட்டார். அந்த வருஷம் சுற்றுவட்டாரக் கொடைகளில் அம்மன் பாட்டுகளுக்கு நடுவே அது ஒலித்தது. மழையும் ஐப்பசியில் பெய்தது. பாட்டுக்காகப் பெய்தது என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வருஷம் அவர்கள் ஆடுகளை விற்றுவிட்டுத் திருப்பூருக்கே போய்விட்டார்கள். மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். பனியன் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. ஒருதடவை போன் செய்து, பஸ்ஸில் போகும்போது பாட்டு வருகிறதா என்று கேட்டேன். பஸ் கிடையாது, கம்பெனி வேன்தான், அதில் எப்போதும் பாட்டுப் போட்டிருப்பார்கள் என்றாள். “கம்பெனிக்குள்ள மிஷின் சத்தம் தம்பி. என் பாட்டு எனக்கே கேக்கல.” அதற்குப் பிறகு இரண்டொரு தடவை பேசினோம். அப்புறம் அந்த எண்ணில் வேறு யாரோ எடுத்தார்கள்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். மைக் செட் கடை இருந்த இடத்தில் அவர் மகன்கள் செல்போன் உறையும் கண்ணாடியும் விற்கிறார்கள். மாடி அறையைச் சரக்கு வைக்க இடித்துப் பெரிதாக்கிவிட்டார்கள். நான் அப்பாவின் கடைக்குள் வந்துவிட்டேன். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் இன்றைக்கும் ஒரு பாட்டு கட்டாமல் இருப்பதில்லை. கட்டி முடித்ததும் ஒரு கணம் எதற்கோ காத்திருக்கிறேன், பிறகு கடையின் ஷட்டரைத் தூக்குகிறேன். இது பழக்கம்தான். காலையில் பல் துலக்குவதைப் பற்றி யாரும் பெருமைப்பட்டுக்கொள்வதில்லை, அதுபோல.

சென்ற மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் நடந்து வரும்போது இரண்டு பேர் பெயரையும் வைத்து ஒரு பாட்டு ஒலித்தது. நல்ல மெட்டு. குரலில் குழைவு இருந்தது. எதுகை கச்சிதம். பெண்ணின் ஊர்ப் பெயர்கூடத் தாளத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர்ப் பெயர்களை அப்படி உட்கார வைப்பது லேசான காரியமில்லை. நான் எழுந்துபோய் மாப்பிள்ளையின் தங்கையிடம், இதைக் கட்டியது யார் என்று கேட்டேன்.

“யாரும் கட்டல மாமா. போன்ல ரெண்டு பேரு பேரையும் ஊரையும் குடுத்தோம். அதுவே கட்டிப் பாடித் தந்துட்டு.”

திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்தேன். பாட்டு இன்னொரு முறை ஓடியது. இந்நேரம் எனக்குச் சோறு இறங்கக்கூடாது. அந்த நாட்களில் ஒரு நல்ல பாட்டைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு பிடிக்காது. காத்திருந்து பார்த்தேன். யார் மேல் பொறாமைப்படுவது? யார் முகத்தைப் போய்ப் பார்ப்பது? என் முகத்தைத்தான் யார் பார்க்கப் போகிறார்கள்? சாம்பார் போய் ரசம் வந்தது, ரசம் போய் மோர் வந்தது. பாயசம் கொண்டுவந்தவர் இன்னொரு கரண்டி ஊற்றட்டுமா என்று கேட்டார். ஊற்றச் சொன்னேன். வயிறு கொஞ்சமும் எரியவில்லை. இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.